சீட்டில் ஏறாத இரண்டு ரன்

பண்ருட்டியிலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், நெல்லிக்குப்பம் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். கரும்பு அரவைப் பருவமென்றால் கேட்கவே வேண்டாம். பாரியின் சர்க்கரை ஆலை ஊருக்கே ஒரு கொதித்த வெல்ல வாசனையைப் பூசிவிடும். அந்தச் சர்க்கரைக்குப் பக்கத்திலேயே மிட்டாய் ஆலையும் உண்டு. காஃபி பைட், லாக்டோ கிங் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆக, மிட்டாய்க்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனால் 1987 அக்டோபரில் நாங்கள், அந்த ஊர்ப் பையன்கள், உள்ளூர் மிட்டாயைச் சீந்தாமல், கையில் கிடைத்த சில்லறையை எல்லாம் வெளியூர் பபுள்கம்மில் கொட்டிக்கொண்டிருந்தோம். காரணம், உள்ளே கிரிக்கெட் வீரர் படம்.

ரிலையன்ஸ் உலகக் கோப்பை வருஷம். பிக் ஃபன் என்று ஒரு பபுள்கம், ஞாபகம் இருக்கிறதா? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ட்ரம்ப் கார்டு. மேலே வீரர் படம், கீழே கட்டம் கட்டமாக எண்கள்: மேட்ச், ரன், விக்கெட், கேட்ச். நீங்கள் ஒரு கட்டத்தைச் சொல்ல வேண்டும். எதிராளியிடம் அதைவிடப் பெரிய எண் இருந்தால் உங்கள் சீட்டு அவனுக்கு. அவ்வளவுதான் ஆட்டம். மூளை அதிகம் தேவையில்லை. ஞாபகசக்தி தேவை. (எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வராது. சந்திரசேகர் டெஸ்டில் எடுத்த விக்கெட் 242, அடித்த ரன் 167 என்பது மட்டும் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.)

புத்தகத்துக்கு, சினிமாவுக்கு எல்லாம் விமரிசனம் எழுதுகிறோம். ஒரு தலைமுறையே இந்தச் சீட்டுகளைப் படித்துத்தான் கிரிக்கெட்டில் யார் பெரியவர் என்று முடிவு கட்டியது. இதற்கும் ஒன்று எழுதினால் என்ன?

முதல் குறை. என் கட்டில் 'மேட்ச்' என்பதும் ஒரு கட்டம். அதாவது அதிக நாள் ஆடினவன் ஜெயிப்பான். எப்படி ஆடினான் என்பது வேறு விஷயம். 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்து 334 அடிக்க, கவாஸ்கர் அறுபது ஓவரும் நின்று, 174 பந்தில் 36 நாட் அவுட் அடித்தாரே, அந்த மேட்ச்சும் அவர் சீட்டில் ஒன்றாகத்தான் கூடியிருக்கும். ஏறக்குறைய ஒரு சத்தியாக்கிரகம் அது! மறுபக்கம் கிரண் மோரே. விக்கெட் கீப்பர் சீட்டு வந்தால் கை சோர்ந்துவிடும். ஸ்டம்பிங்குக்கு என் கட்டில் கட்டமே இல்லை. ஒரு நாள் முழுக்கக் குத்தவைத்து எழுந்த மனுஷனுக்குக் கூலி கிடையாது.

இரண்டாவது, சேகரிப்பு என்கிற பித்து. 1987 இந்திய அணியில் பதினாலு பேர் என்று வையுங்கள். ஒரு பபுள்கம்முக்கு ஒரு படம், எது வரும் என்று தெரியாது, எல்லாப் படமும் சம அளவில் அச்சடித்திருக்கிறான் என்றும் நம்புங்கள். பதினாலும் சேர சராசரியாக எத்தனை வாங்க வேண்டும்? கிட்டத்தட்ட 46. இதில் வேடிக்கை, பதிமூன்று சேர்ந்த பிறகு அந்தக் கடைசி ஒரு ஆளுக்காக மட்டும் சராசரியாகப் பதினாலு வாங்கியாக வேண்டும். மிட்டாய்க்காரர் லாபம் அந்தக் கடைசி ஆளிடம் இருக்கிறது. எங்கள் தெருவில் அது சிவராமகிருஷ்ணன். நம்ம ஊர்க்காரர், கண்ணிலேயே படமாட்டார். ஸ்ரீகாந்த் மட்டும் தினம் வருவார்.

இந்தக் கணக்கை உலகம் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் வில்ஸ் சிகரெட் கம்பெனி 1896-லேயே பாக்கெட்டுக்குள் கிரிக்கெட் வீரர் சீட்டு வைத்தது. நூறு வருஷம் கழித்து 1996-ல் நம் ஊர் உலகக் கோப்பைக்கே வில்ஸ் பெயர்! அமெரிக்காவில் டாப்ஸ் கம்பெனி பபுள்கம்மோடு பேஸ்பால் சீட்டு விற்றது. 1952-ல் அடித்ததில் விற்காமல் தேங்கியதை 1960-ல் படகில் ஏற்றிப் போய்க் கடலில் கொட்டினார்கள். கொட்டாமல் தப்பிய மிக்கி மேன்டில் சீட்டு ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போயிற்று.

நெல்லிக்குப்பத்துக்கு இதில் ஒரு மறைமுக உறவு உண்டு. 2004-ல் பாரியின் மிட்டாய்க் கம்பெனியை லோட்டே வாங்கியது. ஒரு கொரியர் 1948-ல் டோக்கியோவில் சூயிங்கம் விற்க ஆரம்பித்த கம்பெனி அது. கதே எழுதிய வெர்தர் நாவலின் சார்லோட்டேதான் சுருங்கி லோட்டே ஆனாள். ஜப்பானில் ஒன்று, கொரியாவில் ஒன்று என இரண்டு பேஸ்பால் டீம் அவர்களுக்கு. 2023 உலக பேஸ்பால் கிளாசிக்கில் கோப்பை வாங்கிய ஜப்பான் அணியில் பந்து வீசிய ரோக்கி சசாக்கி அப்போது லோட்டே டீம் ஆள்தான். 1985-ல் ஜப்பானில் லோட்டே ஒரு சாக்லெட்டுக்குள் 'பிக்குரிமான்' ஸ்டிக்கர் வைக்க, பிள்ளைகள் ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு சாக்லெட்டைக் குப்பையில் போட்டார்கள். 1988-ல் அரசாங்க ஆணையம் தலையிட்டு, அரிய ஸ்டிக்கர், சாதா ஸ்டிக்கர் என்று ஓரவஞ்சனை செய்யாதே என்று சொல்ல வேண்டி வந்தது. சிவராமகிருஷ்ணனுக்காக நாங்களும் யாரிடமாவது மனு கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது குறை என்னைக் கொஞ்சம் படுத்துகிறது. 1987 அக்டோபர் 9, சேப்பாக்கம். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய முதல் மேட்ச். டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்த பந்து ஒன்றுக்கு அம்பயர் ஃபோர் கொடுத்தார். இன்னிங்ஸ் முடிந்ததும் ஆஸ்திரேலியர்கள் அது சிக்ஸர் என்றார்கள். கபில்தேவைக் கேட்டார்கள். ஒப்புக்கொண்டார். 268 என்று இருந்தது 270 ஆயிற்று. நாம் எடுத்தது 269. ஒரு ரன்னில் தோல்வி. எங்கள் தெருவில் அன்று ராத்திரி கபிலைத் திட்டாதவர் இல்லை. "இன்னா பெரிய தர்மரா இவரு?" என்று பெட்டிக்கடைத் தாத்தா வெற்றிலையைத் துப்பினார்.

இந்த இரண்டு ரன்னுக்கு எந்தச் சீட்டிலும் கட்டம் கிடையாது.

அதே மாசம் நான் ஒரு வேலை செய்தேன். ஸ்ரீகாந்த் சீட்டில் ஒரு 3-ஐ, கறுப்பு மைப் பேனாவால் 8 ஆக்கினேன். எந்தக் கட்டம் என்று கேட்காதீர்கள். என்னோடு ஆடியவன் கரும்பு வண்டி ஓட்டுகிறவர் மகன். அவனிடம் கவாஸ்கர் இருந்தார், அதுவும் மூலை மடங்காமல். நான் கட்டத்தைச் சொன்னேன், எண்ணைச் சொன்னேன். காட்டச் சொன்னான். காட்டினேன். கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தான். விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சரி, எடுத்துக்க" என்று கவாஸ்கரை நீட்டிவிட்டு எழுந்து போனான்.

சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன்.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நம் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து உலகக் கோப்பை வாங்கிய ராத்திரி, அண்ணன் மகள் போன் பண்ணினாள். "சித்தப்பா, ஒங்ககிட்ட பழைய சீட்டுக் கட்டு இருக்குன்னியே, அதுல லேடீஸ் யாராவது இருக்காங்களா?" இல்லை. ஒருவர்கூட இல்லை. எங்களுக்கு அது தோன்றினதும் இல்லை. ஷஃபாலி வர்மா 87, தீப்தி சர்மா 58 ரன்னும் ஐந்து விக்கெட்டும். அவளே அட்டை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட ஆரம்பித்திருக்கிறாள். என்னென்ன கட்டம் வைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டாள். ஸ்டம்பிங்கைச் சேர்க்கச் சொன்னேன். கீழே ஒரு கட்டத்தைக் காலியாக விடவும் சொன்னேன். "எதுக்கு?" என்றாள்.

நேரில் வரும்போது சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த கவாஸ்கர் இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறார். ஓரத்தில் மங்கலாக ஒரு கட்டைவிரல் மை.