உடனுழைத்தாரை நினைத்தல்

உடனுழைத்த நண்பர் ஒருவர் மறைந்தவிடத்து நம்மவர் எழுதும் இரங்கலுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பண்பாளர், கொடையாளர், ஈடற்றவர் என்னும் சொற்கள் எவர் பெயரோடும் ஒட்டிக்கொள்ளும். எல்லார்க்கும் பொருந்தும் உரை ஒருவரையும் நினைவூட்டாது என்பது எம் துணிபு.

இத்துறையில் நமக்கு வழிகாட்டி இல்லாமலில்லை. உ. வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றிலே கையறுநிலைப் பாடல்கள் பல உள. அவற்றுள் 235-ஆம் பாட்டு, தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது ஔவையார் பாடியது. ஔவையார் அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் என்று அந்நூலின் பழங்குறிப்புக் கூறும். எனவே இதனை, பணியிலே துணைநின்ற ஒரு நட்பின் குரலாகவே யாம் படிக்கின்றோம்.

அரசனுடைய வெற்றிகளைப் புலவர் அடுக்கவில்லை. கள் சிறிதளவே கிடைத்தபோது அதனைப் பிறர்க்கே ஈந்தான் என்கிறார். ஊன் கிடைத்த இடம் பாடுவோர்க்கு, அம்பும் வேலும் பாயும் இடம் தனக்கு என்று அவன் பங்கிட்டுக்கொண்டதைச் சொல்கிறார். புலால் நாறும் தம் தலையை அவனது மணங்கமழ் கை தடவியதையும் மறந்தாரில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தன என்றறிந்த நேயர்கள் இங்கே முகஞ் சுளிக்க வேண்டா. புலவர் போற்றுவது பங்கீட்டை. ஆயினும் குடித்ததை அவர் ஒளிக்கவுமில்லை.

அவன் மார்பில் தைத்த வேல் பாணருடைய உண்கலத்தையும் இரப்போர் கையையும் புலவர் நாவையும் துளைத்தது என்று பாட்டு மேலே செல்கின்றது. ஒருவன் இறந்ததனால் யார் யார்க்கு எது இல்லையாயிற்று என்று கணக்கெடுக்கும் முறை இது. இனிப் பாடுவோரும் இல்லை, ஈவோரும் இல்லை என்று அவர் முடிவில் புலம்புவது மிகைதான். முன்னர்ச் சொன்ன சிறு செய்திகளின் உண்மையே அம்மிகையைத் தாங்கி நிற்கின்றது.

உரைநடையிலும் இவ்வழிப்பட்ட நூல் ஒன்றுண்டு. 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனைப் பற்றி அவர் நண்பர் தொ. மு. சி. ரகுநாதன் எழுதிய வரலாறு 1951-இல் வெளிவந்தது. தந்தையோடு நேர்ந்த பிணக்கையும் வறுமையையும் அது மூடிவைக்கவில்லை. அதனால் நண்பரின் பெருமை குறைந்துவிடவுமில்லை.

புக்கிட் ரம்பாயிலும் சூழவுள்ள மலாக்காப் பகுதிகளிலும் பால்மரம் நின்ற நிலம் பலவிடத்துத் தொழிற்பேட்டையாயிற்று. பெரட்டுக்களத்தில் உடன் நின்றவரும், அடுத்த நிரையில் பால் வெட்டியவரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். வீட்டார் அவரைத் தந்தையாக அறிவர், தாயாக அறிவர். காண்டா வாளி சுமந்த தோளையும், மழைக்கு முன் அயலார் மங்கிலிருந்த பாலையும் எடுத்துக்கொடுத்த கையையும் அறிந்தவர் உடனுழைத்தவரே. அவர் சொல்லாவிடின் அச்செய்தி வேறெங்கும் கிட்டாது.

ஆதலின், அன்பர்காள், நண்பர் மறைந்தால் அடைமொழிகளைத் தேடி அலையற்க. அவர் எதைப் பகிர்ந்தார், எதைத் தாமே தாங்கினார், எதிலே பிழைபட்டார் என்று நான்கு வரி எழுதுங்கள். நாளை நம் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அந்த நான்கு வரிகளே ஆதாரமாகும்.