இளவேனிலும் இடவேறுபாடும்

இளவேனிலைச் சித்திரை, வைகாசித் திங்கள்களுக்கு உரியதாக உரையாசிரியர் வகுப்பர். தொல்காப்பியரோ அகத்திணையியலில் பெரும்பொழுதைத் திணையொடு பொருத்தினாரேயன்றித் திங்கள் வரையறை கூறினாரல்லர். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

பழுப்பு நிலக்கரி அகழும் நெய்வேலியில் வேம்பு பங்குனியிலேயே பூக்கத் தொடங்கும். சித்திரை இறுதியில் கத்திரி வெயில் புகுந்து, சில நாள்களில் வெப்பம் 40 பாகையைத் தொடும். அங்கு அவ்விரு திங்களும் இயல்பால் முதுவேனிலே. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்து உதகையிலோ அதே திங்கள்களில் வெப்பம் பெரும்பாலும் 25 பாகையைக் கடவாது.

ஆகவே, ஓரூரின் வானிலை கொண்டு சங்கப் பாடலின் பருவத்தைப் பிழையென்றல் பொருந்தாது. புலவர் இளவேனிலை மாவின் தளிராலும் குயிலின் குரலாலுமே உணர்த்தினர். திங்கட்கணக்கு உரைவழக்கு, பூவும் புள்ளுமே செய்யுள் வழக்கு. பின்னதைத் தழுவிப் பொருள் காண்டலே நெறியென்பது எம் துணிபு.