இலவசக் கணினிக் கருவிகளைப் பரிந்துரைப்பது: பயனும் பழுதும்

கணினி வாங்கியதும் போட்டுக்கொள்ள வேண்டிய இலவச மென்பொருள்கள் என்று பத்து, இருபது பெயர்களை அடுக்கும் வழக்கம் விண்டோஸோடு சேர்ந்தே வளர்ந்தது. இயங்குதளத்தில் இருந்த குறைகளே அதற்குக் காரணம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, ஜிப் கோப்பைத் திறக்கும். ரார் கோப்பைத் திறக்காது. டிவிடி வட்டைப் போட்டால் படம் ஓடுவதற்கான டீகோடரைத் தனியாகத் தேட வேண்டும். பிடிஎஃப் படிக்க வழியில்லை. வைரஸ் தடுப்பும் கிடையாது. கணினியை அசெம்பிள் செய்து தருபவர், நாளிதழின் கணினிப் பகுதி, குடும்பத்தில் கணினி தெரிந்த பையன் என்று பரிந்துரைப்பவர் யாராக இருந்தாலும், பட்டியலில் இருந்த பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

அந்தப் பட்டியல்கள் செய்த நன்மை சிறியதன்று. வி.எல்.சி. காணொளி இயக்கி நல்ல சான்று. பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் மாணவர்கள் 1996இல் தொடங்கிய ஒரு திட்டத்திலிருந்து பிறந்த அது, 2001இல் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தில் வெளியானது. காணொளியைப் படித்துக் காட்டும் நிரல்களான கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் எந்தக் காணொளிக் கோப்பைக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஓட்டிவிடும். அதற்கு முன்பு பயனர்கள் கோடெக் பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவி, அவை தமக்குள் மோதிக்கொள்ள, கடைசியில் விண்டோஸையே மறுபடி போட்டார்கள். 1999இல் இகோர் பாவ்லவ் வெளியிட்ட செவன்-ஜிப்பும் இப்படித்தான் பரவியது. நாற்பது நாள் சோதனைக் காலம் முடிந்தும் ‘வாங்குங்கள்’ என்று கேட்டுக்கொண்டே இருந்த வின்ரார், அதன் வரவுக்குப் பிறகு பல கணினிகளிலிருந்து வெளியேறியது.

எவரிதிங் என்ற தேடல் கருவி இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. விண்டோஸின் சொந்தத் தேடல், கோப்புறைகளுக்குள் புகுந்து தேடும். அல்லது தான் முன்பே அட்டவணைப்படுத்திய இடங்களில் மட்டும் பார்க்கும். எவரிதிங், என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறைமை தனக்காக வைத்திருக்கும் தலைமை அட்டவணையையே நேரடியாகப் படிக்கிறது. வட்டில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயர்களும் அதில் ஏற்கெனவே இருப்பதால், தட்டச்சு செய்து முடிப்பதற்குள் விடை வந்துவிடும். இப்படி ஒன்று இருப்பதைச் சாதாரணப் பயனர் தானாகத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. யாராவது சொன்னால்தான் உண்டு.

பரிந்துரைகளால் திருட்டுப் பதிப்புகளும் ஓரளவு குறைந்தன. ‘கிராக்’ செய்த ஃபோட்டோஷாப்பையும் ஆஃபீஸையும் வட்டில் எழுதிக் கொடுப்பது சாதாரணமாக இருந்த காலத்தில், ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆஃபீஸ் ஆகிய பெயர்கள் நேர்மையான மாற்றாக முன்வந்தன. தமிழுக்கு இந்த வழக்கம் கூடுதலாகவே உதவியது. 2000களில் இணையத்தில் எழுத வந்த பலருக்கு முதல் தடையாக நின்றது விசைப்பலகை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்ற கருவிகளை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, நிறுவும் முறையையும் கூடவே விளக்கியதால்தான் அந்தத் தடை விலகியது.

இத்தனை நன்மை இருந்தும் இந்த வழக்கத்தில் பழுதுகள் நான்கு உண்டு. முதலாவது ஆழமானது. மென்பொருள் கைமாறும், வடிவம் மாறும், நோக்கமும் மாறும். பரிந்துரையோ எழுதிய நாளில் இருந்தபடியே நின்றுவிடும். சீக்ளீனரின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. லண்டனின் பிரிஃபார்ம் நிறுவனம் வெளியிட்ட இந்தத் துப்புரவுக் கருவி, பல ஆண்டுகள் எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெற்றிருந்தது. சிறியது, வேகமானது, உலாவியின் தற்காலிகக் கோப்புகளை ஒரே சொடுக்கில் நீக்குவது. அன்றைக்கு அது பெற்ற புகழில் தவறில்லை. 2017 ஜூலையில் அவாஸ்ட் நிறுவனம் பிரிஃபார்மை வாங்கியது. அதற்கு முன்பே பிரிஃபார்மின் கணினிகளுக்குள் ஊடுருவியிருந்தவர்கள், ஆகஸ்டில் வெளியான 5.33 பதிப்பில் தீநிரலைப் புகுத்திவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே, செல்லுபடியாகும் எண்முறைக் கையொப்பத்தோடு, சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேர்ந்தது. உண்மையில் ஊடுருவியவர்களின் குறி சில பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள். மற்றவர்கள் வழியில் அகப்பட்டவர்கள். செய்தி செப்டம்பரில்தான் வெளிவந்தது. மறு ஆண்டு, பயன்பாட்டுத் தரவு சேகரிப்பை எளிதில் நிறுத்த முடியாதபடி வந்த 5.45 பதிப்பை, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் திரும்பப் பெற்றது. 2020இல், கூடவே வேறு மென்பொருள்களைக் கொண்டுவருகிறது என்பதற்காக அதன் நிறுவியை மைக்ரோசாஃப்ட் ‘வேண்டப்படாதது’ என்று வகைப்படுத்தியது. இவ்வளவுக்கும் பிறகு பழைய பட்டியல்களில் அந்தப் பெயர் அப்படியே நீடித்தது. 2012இல் அதைப் பரிந்துரைத்தவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 2018இல் அதைப் படித்து நிறுவியவருக்குக் கிடைத்தது வேறு பொருள்.

இரண்டாவது பழுது, காசு எங்கிருந்து வருகிறது என்பதைப் பரிந்துரைகள் பேசாமல் விடுவது. இலவசமாகக் கொடுப்பவருக்கும் சர்வர் செலவு உண்டு, சம்பளச் செலவு உண்டு. நிறுவும்போது ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று சொடுக்கிக்கொண்டே போகும் பழக்கத்தை நம்பி, தேடல் பட்டைகளையும் விளம்பர நிரல்களையும் சேர்த்துக் கட்டுவது நெடுநாள் வணிகமாக இருந்தது. திறமூல மென்பொருள்களின் முக்கிய இருப்பிடமாக விளங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ் தளமே 2013இல் இந்த வழிக்கு வந்தது. ஜிம்ப் குழுவினர் அந்த ஆண்டே அங்கிருந்து வெளியேறினார்கள். 2015இல் அவர்கள் விட்டுச்சென்ற பக்கத்தைத் தளமே எடுத்துக்கொண்டு, விளம்பரம் சுற்றிய நிறுவியை ஜிம்ப் பெயரில் வழங்கியது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. 2016இல் தளத்தின் உரிமை மாறிய பிறகே விளம்பரம் சேர்க்கும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

வைரஸ் தடுப்பில் நடந்தது இதைவிட மோசம். இலவசப் பாதுகாப்பு என்று கோடிக்கணக்கானோர் நிறுவிய அவாஸ்ட், பயனர்களின் இணைய உலாவல் தரவுகளை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்றுவந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகை விசாரணைகள் இதை வெளிக்கொண்டுவந்ததும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 1.65 கோடி டாலர் செலுத்துமாறு அவாஸ்டுக்கு உத்தரவிட்டது. காவலுக்கு வைத்தவரே வீட்டு விவரத்தை விற்ற கதை.

தேவையே இல்லாத கருவிகளைத் தேவையானவையாகக் காட்டுவது மூன்றாவது. கணினியை வேகமாக்குவதாகச் சொல்பவை எல்லாம் ஏறக்குறைய இந்த வகைதான். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்தால் வேகம் கூடும் என்பது தவறான கணக்கு. விண்டோஸ் அதைப் புத்தகம்போல் முதலிலிருந்து படிப்பதில்லை. வேண்டிய பதிவை மட்டும் நேராகப் போய் எடுக்கிறது. பயனற்ற சில நூறு பதிவுகளை நீக்குவதால் வேகத்தில் தெரியும்படியான மாற்றம் வராது. தவறான ஒன்றை நீக்கிவிட்டால் ஏதோ ஒரு நிரல் நின்றுபோகும். இவ்வகைக் கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே கூறியுள்ளது. ‘ராம் பூஸ்டர்’ செய்வதும் இப்படித்தான்: நினைவகத்தில் உள்ளதை வட்டுக்குத் தள்ளி, காலி இடம் அதிகமாக இருப்பதாக ஓர் எண்ணைக் காட்டும். நிரல்கள் அதைத் திரும்ப எடுக்கும்போது கணினி முன்னைவிட மெதுவாகும். வட்டைச் சீரமைக்கும் டிஃப்ராக் கருவிகள், சுழலும் வன்வட்டு இருந்தவரை பொருள் உள்ளவை. எஸ்.எஸ்.டி.யில் படிக்கும் முள் இல்லை, அது நகர வேண்டிய தூரமும் இல்லை. அங்கே சீரமைப்பது வீண் தேய்மானம்.

நான்காவது பழுது சிறியதாகத் தோன்றும்: பெயரைச் சொல்லி முகவரியைச் சொல்லாமல் விடுவது. கடவுச்சொற்களைக் காக்கும் கீபாஸ் நம்பத்தக்க கருவி. 2023இல் அதைத் தேடியவர்களுக்குக் கூகுளின் முதல் முடிவாக வந்த விளம்பரம் ஒன்று, போலித் தளத்துக்கு இட்டுச் சென்றது. முகவரியின் முதல் எழுத்துக்கு அடியில் திரையின் தூசி என்று எண்ணும்படி ஒரு குறி; வேறுபாடு அவ்வளவுதான். வெறும் பெயரை நம்பித் தேடுபவர்களை இவ்வகை வலை எளிதில் பிடித்துவிடுகிறது.

திறமூல மென்பொருளை மட்டும் பரிந்துரைத்தால் இவை எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்வோர் உண்டு. பாதி உண்மை. ஒலித்தொகுப்புக் கருவியான ஆடாசிட்டி 2021இல் மியூஸ் குழுமத்தின் கைக்குப் போனதும், தரவு சேகரிப்பு பற்றிய அதன் புதிய கொள்கை சர்ச்சையைக் கிளப்பியது. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற திறமூலக் கோப்புச்சுருக்க நிரல் நூலகத்தில் பின்வாசல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சோர்ந்துபோயிருந்த ஒரே பராமரிப்பாளரின் நம்பிக்கையை நீண்டகாலம் உழைத்துப் பெற்ற ஒருவரே அதைப் புகுத்தியிருந்தார். ஆனாலும் திறமூலத்துக்கு மற்றவற்றுக்கு இல்லாத ஒரு காப்பு உண்டு: உரிமையாளர் வழிதவறினால் நிரலை எடுத்துக்கொண்டு வேறு குழுவினர் தொடரலாம். ஓப்பன் ஆஃபீஸ் ஆரக்கிள் வசம் போனபோது, 2010இல் பிரிந்து வந்தது லிப்ரே ஆஃபீஸ். டுரூகிரிப்ட் 2014இல் கைவிடப்பட்டபோது அதன் வழியில் வெராகிரிப்ட் தொடர்ந்தது. வருந்தத்தக்கது என்னவென்றால், 2014இல் தொடங்கிய 4.1 வரிசையிலேயே சிறு திருத்தங்களோடு நிற்கும் ஓப்பன் ஆஃபீஸ்தான் பெயர்ப் பழக்கத்தால் இன்னும் பல பட்டியல்களில் இருக்கிறது.

ஆகவே பரிந்துரைப்பவரிடம் எதிர்பார்க்க வேண்டியவை: எழுதிய தேதி, உருவாக்கியவரின் தள முகவரி, பராமரிப்பவர் யார் என்பது, பணம் வரும் வழி. இவற்றைச் சேர்த்தால் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வரி கூடும். பட்டியல் தானாகவே சுருங்கும். மைக்ரோசாஃப்ட் 2021இல் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்ட விங்கெட் என்ற நிறுவல் கருவி, வெளியீட்டாளரின் முகவரியிலிருந்தே கோப்பை எடுத்துச் சரிபார்த்து நிறுவுவதால் போலித் தளச் சிக்கலைக் குறைக்கிறது. ஆனால் கட்டளை வரியில் இயங்கும் கருவி வீட்டுப் பயனருக்கு எட்டாது. சீக்ளீனரில் நடந்ததுபோல் மூலமே கெட்டால் இந்த வழியும் காப்பாற்றாது.

பட்டியல்கள் எந்த இடைவெளிகளை நிரப்பப் பிறந்தனவோ அவற்றில் பெரும்பகுதியை இயங்குதளமே இப்போது நிரப்பிவிட்டது. விண்டோஸ் 8 முதல் வைரஸ் தடுப்பு உள்ளேயே வருகிறது. விண்டோஸ் 10 முதல் உலாவியே பிடிஎஃப் படிக்கிறது. 2019இன் புதுப்பிப்பில் தமிழ் 99 விசைப்பலகையும் சேர்ந்தது. 2023 முதல் விண்டோஸ் 11 ரார் கோப்பையும் திறக்கிறது. இன்று சாதாரண வீட்டுக் கணினிக்கு வி.எல்.சி., லிப்ரே ஆஃபீஸ், கீபாஸ், எவரிதிங் ஆகிய நான்குக்கு மேல் பரிந்துரைக்க வலுவான காரணம் இல்லை. வேகம் கூட்டும், துப்புரவு செய்யும், டிரைவர் புதுப்பிக்கும் கருவிகள் எந்தப் பட்டியலில் இருந்தாலும் அவற்றைத் தவிர்த்துவிடலாம்.