அறபு மரபும் தமிழ்க் காப்பியமும்: உவைசின் ஆய்வு பற்றியதொரு மதிப்பீடு

சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் தமிழை வளர்த்தவாற்றை நம் மாணாக்கர் நன்கறிவர். இசுலாத்தால் தமிழ் பெற்ற வளத்தையோ, சீறாப்புராணம் என்னும் நூற்பெயரளவில் அறிந்து அமைவோரே பலர். இக்குறையை நீக்க முற்பட்டோருள் முன்னிற்பவர் பாணந்துறைப் பேராசிரியர் ம. மு. உவைஸ் (1922–1996) ஆவர்.

தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1953 இல் வெளிவந்தது. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இசுலாமியத் தமிழிலக்கியப் பேராசிரியராய் அமர்ந்து, பீ. மு. அஜ்மல்கானுடன் அவ்விலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாய் எழுதினார். வினாவிடை வடிவான மசலா, கதை கூறும் கிஸ்ஸா, இறைவனை இறைஞ்சும் முனாஜாத்து, போர் பாடும் படைப்போர் முதலியன முஸ்லிம் புலவராற் புதியனவாய் எழுந்த இலக்கிய வகைகள் என நிறுவியமை அவர் பணியின் தலையாய சிறப்பாகும்.

ஆயினும், தொகுத்தலும் வகுத்தலும் ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிபாகா. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களாலாய சீறாப்புராணத்தில், உமறுப்புலவர் காட்டும் அறபுநாடு வயலும் நீர்வளமும் பொலியும் மருதமாய்த் தோன்றுகின்றது. பாலைநிலத்து நெல் விளையுமோ என நகைப்பாரும் உளர். அவர் காப்பிய மரபை மறந்தவராவர். நபிகள் நாயகத்தின் வரலாறு அறபு மூலங்களது. அதனைத் தாங்கும் காட்சி கம்பன் வழிவந்த தமிழ்ப் புலமையது. புலவர் எவ்விடத்து மூலத்தைத் தழுவினார், எவ்விடத்து விலகினார், விலகியதனாற் பெற்ற பயன் யாது என்பனவற்றை இருமொழியும் ஒருங்கு கற்றோரே துணிய வல்லர். உவைஸ் இட்ட அடிப்படைமேல் எழவேண்டிய கட்டடம் இதுவே.

இஃது எமக்குப் புறம்பான பொருளன்று. சின்னத்தம்பிப் புலவரைப் பெற்ற இணுவிலுக்கு அணித்தாகவுள்ள யாழ்ப்பாண நகரிலேதான் புகழ்ப்பாவணி பாடிய அசனாலெப்பைப் புலவர் வாழ்ந்தார். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அப்பாடல்களைப் போற்றிவந்த குடிகளும் நகரை நீங்கின. பின்னர் மீண்டோர் ஒரு பகுதியினரே. அயலாரை இழந்த ஊர், அவர்தம் இலக்கியத்தையும் அயலானதெனக் கொள்ளுமாயின் இழப்பு இருமடங்காகும்.

தனி வரலாறு வகுத்தமை அன்று வேண்டியதே. அதனையே மதிலாக்கி நாம் விலகி நிற்பதுதான் குற்றம். கம்பனின் நாட்டுப்படலத்தோடு உமறுவின் நாட்டுப்படலத்தையும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் நாளிலேயே உவைசின் உழைப்பு முழுப்பயன் எய்தும்.