பொருள்வயிற் பிரிந்தவள்

என்னிடம் தமிழ் முதுகலை படித்த மாணவி ஒருத்தி இப்போது மராகேஷில் இருக்கிறாள். லண்டனில் உள்ள ஒரு நிறுவனத்துக்காகச் செல்பேசிச் செயலிகளின் தமிழ்ச் சொற்களைச் சரிபார்க்கும் வேலை. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். மொரோக்கோவின் கடிகாரம் ஐரோப்பாவோடு ஒட்டியே ஓடுகிறது, வாடகை லண்டன் வாடகையில் ஒரு சிறு பங்கு, வெயில் நமக்குப் பழகியதுதான் என்று காரணங்களை அடுக்கினாள். கடைசியாக, "சென்னையில வீடு தேடினப்ப எத்தனை பேர் அப்பா நம்பர் கேட்டாங்க தெரியுமாம்மா? இங்க ஒருத்தரும் கேக்கல" என்றாள்.

அந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தில் அதை நான் சேர்த்திருக்கவும் இல்லை. 'டிஜிட்டல் நாடோடி' என்ற பிம்பத்தைக் கிழித்துப் போடும் ஆவேசத்தில் எழுதிய பக்கங்கள் அவை. படித்துப் பார்த்தபோது, ஊர்விட்டுப் போன பெண்ணைத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் பெரியவரின் குரல் என் குரலுக்குள் கேட்டது. அந்தப் பக்கங்களை ஒதுக்கிவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். ட்சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் 1997இல் வெளியிட்ட நூலின் தலைப்பு 'டிஜிட்டல் நோமாட்'. கருவிகள் சிறுத்துக்கொண்டே போனால் மனிதர் ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்கத் தேவையில்லை என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. தமிழில் இதை 'நாடோடி' என்று சொல்லும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஊர் ஊராகப் போகும் ஆணுக்கு நம் மொழியில் பயணி, தேசாந்திரி என்று மரியாதையான பெயர்கள் உண்டு. பெண்ணைப் பற்றி 'ஊர் சுற்றுகிறாள்' என்று சொன்னால் அது வசை.

சங்கப் பாலைப் பாடல்களைப் பாடம் நடத்தும்போதெல்லாம் இது என்னை உறுத்தும். தலைவன் பொருள் தேடிச் சுரம் கடக்கிறான். தலைவி வீட்டில் காத்திருந்து மெலிகிறாள். அவள் பாலையில் கால் வைப்பதற்கு ஒரே வழி உடன்போக்கு. அதுவும் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு. கடல் கடக்கும் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியமே விதிக்கிறது. பொருள்வயிற் பிரிந்த தலைவன் உண்டு. பொருள்வயிற் பிரிந்த தலைவிக்குத் துறை இல்லை. என் மாணவி அந்த இல்லாத துறையில் நிற்கிறாள் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மராகேஷைப் பாலைவன நகரம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. சகாராவின் மணல்மேடுகளோ அட்லஸ் மலைத்தொடருக்கு அப்பால், ஒரு நாள் முழுக்க வண்டியோட்டிப் போகும் தூரத்தில் இருக்கின்றன. 1070ஐ ஒட்டி இந்நகரம் எழுந்த பிறகு அட்லஸ் அடிவாரத்து நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய்கள் வழியாகக் கொண்டுவந்து பேரீச்சந்தோப்புகள் வளர்த்தார்கள். 'கெத்தாரா' என்று பெயர். மோட்டார் வைத்து ஆழத்திலிருந்து நீரை இறைக்கத் தொடங்கிய பின் அவற்றில் பெரும்பாலானவை வறண்டுவிட்டன. தோப்புக்குள் சொகுசு மாளிகைகள் வந்துவிட்டன. பாலை என்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டால் பாலையாகும் என்ற சிலப்பதிகார விளக்கத்தை இதைவிடத் தெளிவாக எந்த ஊரைக் காட்டிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

நிஜமான நாடோடிகளும் அந்நாட்டில் இருக்கிறார்கள். ஆட்டுமந்தையோடு கூடாரம் மாற்றி வாழ்கிற அமாசிக் குடும்பங்கள். 2014 கணக்கெடுப்பில் அவர்கள் சுமார் 25,000 பேர். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரிந்திருந்தது. மழை பொய்த்து, மேய்ச்சல் நிலம் அற்றுப்போய், ஊர் ஓரங்களில் அவர்கள் குடியமர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் இன்னொரு கூட்டம் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டு வந்து இறங்கியது.

மாணவி தங்கியிருப்பது பழைய நகரத்தின் ஒரு 'ரியாத்'தில். சவூதித் தலைநகர் இல்லை. நடுவில் முற்றமும் சுற்றி அறைகளும், தெருப்பக்கம் ஏறக்குறைய சன்னலே இல்லாத சுவரும் கொண்ட வீட்டுக்கு அந்தப் பெயர். 1990களின் இறுதியிலிருந்து ஐரோப்பியர் இவற்றை வாங்கி விருந்தினர் இல்லங்களாக மாற்றிவருகிறார்கள். காரைக்குடி வீடுகள் ஓட்டல்களான கதையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்த முற்றத்துக்கு ஓர் இலக்கியச் சாட்சி உண்டு. 1940இல் ஃபெஸ் நகரில் பிறந்த சமூகவியலாளர் ஃபாத்திமா மெர்னிஸ்ஸி, 'டிரீம்ஸ் ஆஃப் டிரெஸ்பாஸ்' நூலில் (1994) தன் குழந்தைப் பருவத்தின் அந்தப்புர வீட்டைச் சிறுமியின் கண்களால் எழுதினார். வாசலில் காவலாள். வெளியே போகப் பெண்களுக்கு அனுமதி வேண்டும். முற்றத்தில் நின்றால் தெரிவது சதுரமாக வெட்டப்பட்ட வானம் மட்டும். ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, பூட்டி வைத்த வானொலியைத் திறந்து பெண்கள் பாட்டுக் கேட்கிறார்கள். கேட்டதைச் சிறுவர்கள் வெகுளியாகச் சொல்லிவிட, கள்ளச்சாவி விவகாரம் பெரிய விசாரணையாகிறது. மாடியில் நாடகம் போடுகிறார்கள். அந்நூலை வகுப்பில் வாசித்தால் மாணவிகள் சிரிப்பார்கள், பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

பெண்ணை உள்ளே வைக்கக் கட்டிய சுவரைத்தான் இன்று 'அமைதி', 'தனிமை' என்று நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வெளியே 40 பாகைக்கு மேல் கொதிக்கும்போது அந்த முற்றத்தின் குளிர்ச்சி உண்மைதான். அந்தக் குளிர்ச்சிக்காகவே கட்டினார்கள் என்று கட்டடக்கலைஞர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். வித்தியாசம், வாசல் சாவி யார் கையில் இருக்கிறது என்பது. என் மாணவியின் கையில் இருக்கிறது. அதே தெருவில் வளர்ந்த, மணமாகாத மொரோக்கோப் பெண்ணின் கையில்? ஓட்டலில் அறை கேட்கும் உள்நாட்டு இணையரிடம் திருமணச் சான்றிதழ் கேட்பது அங்கே நெடுநாள் வழக்கம். அதற்குச் சட்ட ஆதாரமில்லை என்று நீதித்துறை அமைச்சர் சொன்னதே 2024இல்தான். திருமணத்துக்கு வெளியே உறவைக் குற்றமாக்கும் 490ஆம் பிரிவு சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அப்பா நம்பரை ஒருவரும் கேட்கவில்லை என்றால் அது மராகேஷ் தந்த விடுதலை அல்ல, வெளிநாட்டாள் என்பதால் கிடைத்த விலக்கு. சென்னையில் வீடு கேட்டு வரும் ஐரோப்பியப் பெண்ணிடமும் நம்மவர்கள் அப்பா நம்பர் கேட்க மாட்டார்கள்.

மெர்னிஸ்ஸியின் நூலில் எனக்கு மிக முக்கியமான இடம் ஃபெஸ் வீடு அல்ல. பாட்டி யாஸ்மினாவின் பண்ணை. அங்கே சுவர் இல்லை, குதிரை ஏறலாம், ஆற்றில் இறங்கலாம். ஆனால் அதுவும் அந்தப்புரம்தான் என்று பாட்டி பேத்திக்குச் சொல்கிறாள். சுவர் இல்லாத இடத்தில் விதி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அந்த விதியைப் பெரும்பாலும் பெண்ணுக்கு எதிராகவே எழுதியிருப்பார்கள். மாணவியின் நாளைக் கேட்டுப் பார்த்தேன். நிறுவனத்தின் உரையாடல் செயலியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. கழிவறைக்குப் போய் நேரமானால் அது மஞ்சளாகும். செல்பேசியில் அவள் இருப்பிடம் தஞ்சாவூரில் உள்ள அம்மாவுக்கு நேரலையாகத் தெரியும். அந்த நிபந்தனையின் பேரில்தான் போக விட்டார்கள். சம்பளம் சொல் கணக்கில். விடுப்புக்குச் சம்பளம் இல்லை. "இதுவும் பண்ணைதாம்மா, ஆனா குதிரை இருக்கே" என்று சிரித்தாள்.

பாலைவனத்தில் தனியே திரிந்த பெண் என்றால் எல்லோரும் இசபெல் எபெர்ஹார்ட்டைத்தான் சொல்வார்கள். 1877இல் ஜெனிவாவில் பிறந்து, ஆணுடை அணிந்து, சி மஹ்மூத் என்ற பெயரில் அல்ஜீரியச் சகாராவில் குதிரையில் அலைந்தவர். விடுதலை பெற்ற பெண்ணின் சின்னமாக அவரை நிறுத்தும் கட்டுரைகள் ஏராளம். அவருடைய ஆவணங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1901இல் ஒருவன் வாளால் தாக்கியதில் உயிர் தப்பினார். பிரெஞ்சு நிர்வாகம் பாதிக்கப்பட்ட அவரையே நாட்டைவிட்டு வெளியேற்றியது. திரும்பி வர அவருக்கு இருந்த ஒரே வழி, பிரெஞ்சுப் படையில் இருந்த ஸ்லிமான் எஹ்னியை மார்சேயில் சட்டப்படி மணந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெறுவது. பாலைவனத்துக்கான அவருடைய விசா ஒரு கணவன். 1904 அக்டோபரில் ஐன் செஃப்ராவில் திடீர் வெள்ளத்தில் 27 வயதில் இறந்தார். சேற்றிலிருந்து எடுத்த கையெழுத்துப் பிரதிகளை விக்தோர் பாருக்கான் என்ற பத்திரிகையாளர் தன் விருப்பத்துக்குத் திருத்தி, தன் பெயரையும் உடன் போட்டு வெளியிட்டார். சுதந்திரப் பெண்ணின் முன்னும் பின்னும் எத்தனை ஆண் கையெழுத்துகள்!

அந்தப் பிரதிகளைத் தேடி எடுக்கச் சொன்ன படைத்தலைவர் லியோத்தே. இவர்தான் 1912 முதல் மொரோக்கோவில் பிரான்சின் ஆளுநராக இருந்து, பழைய நகரத்தைத் தொடாமல் விட்டு, பக்கத்திலேயே ஐரோப்பியருக்குப் புதிய நகரம் எழுப்பும் கொள்கையைக் கொண்டுவந்தவர். மராகேஷின் கெலிஸ் பகுதி அப்படி எழுந்தது. மாணவி பகலில் மடிக்கணினியோடு உட்காரும் குளிரூட்டிய பொது அலுவலகம் கெலிஸில்; இரவில் தூங்கும் 'அசல்' மராகேஷ் பழைய நகரத்தில். தன்னையறியாமல் தினமும் லியோத்தேவின் வரைபடத்தைக் குறுக்காகக் கடக்கிறாள்.

கடவுச்சீட்டுக் கதை இன்றும் முடியவில்லை. பொது அலுவலகத்தில் அவள் எதிரே அமரும் பிரெஞ்சுப் பெண்ணுக்கு மொரோக்கோவில் 90 நாள் வரை விசா வேண்டாம். இவளுக்கு வேண்டும். மொரோக்கோப் பெண் பிரான்சுக்குப் போக வேண்டுமானால்? 2021இல் மொரோக்கர்களுக்கான விசாவைப் பாதியாகக் குறைப்பதாக பிரான்ஸ் அறிவித்து, 2022 இறுதிவரை அதைத் தொடர்ந்தது.

இன்னும் கூர்மையான ஒப்பீடு ஜிப்ரால்டர் நீரிணையின் இரு கரைகளில் இருக்கிறது. அதன் மிகக் குறுகிய இடத்தில் அகலம் 14 கிலோமீட்டர். ஸ்பெயினின் ஊவெல்வா மாகாணத்தில் ஸ்ட்ராபெரி பறிக்க ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மொரோக்கோப் பெண்களை ஒப்பந்தத்தில் அழைத்துப்போகிறார்கள். தேர்வில் முன்னுரிமை கிராமத்துத் தாய்மார்களுக்கு, அதுவும் சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு. ஊரில் பிள்ளை இருந்தால் பருவம் முடிந்ததும் திரும்பிவிடுவாள் என்ற கணக்கு. பிள்ளைதான் பிணை. 2018இல் அவர்களில் சிலர் பாலியல் தொல்லை பற்றியும் கூலி பற்றியும் துணிந்து புகார் கொடுத்தார்கள். அதே ஸ்பெயின் 2023 முதல் தொலைவேலை செய்வோருக்குத் தனி விசா தருகிறது. அதில் இணையரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்து வரலாம்.

இருவரும் பொருள்வயிற் பிரிந்தவர்கள். ஒருத்தியை நாடோடி என்று கொண்டாடுகிறோம். இன்னொருத்திக்குப் பருவகாலத் தொழிலாளி என்று பெயர்.

அவள் அறையைத் துடைக்க வரும் பெண்ணைப் பற்றியும் கேட்டேன். மொரோக்கோவில் வீட்டுப் பணியாளர் சட்டம் 2018இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அவர்களின் குறைந்தபட்சக் கூலி பொதுக் குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடு; வேலை நேரமோ மற்றத் தொழிலாளருக்கு வாரம் 44 மணி என்றால் இவர்களுக்கு 48. வீட்டு வேலையை முழு வேலையாகக் கருதாத மனம் சட்டப் புத்தகத்துக்குள்ளும் கணக்குப் போட்டிருக்கிறது. 'மலிவான நகரம்' என்று பட்டியல்கள் சொல்லும்போது எவருடைய கூலி மலிவு என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

வறட்சி முற்றிய 2024இன் தொடக்கத்தில் மொரோக்கோவின் பல நகரங்களில் ஹம்மாம்களை வாரத்தில் மூன்று நாள் மூடச் சொன்னார்கள். அங்கே ஹம்மாம் வெறும் குளியலிடம் அல்ல. வீட்டில் வெந்நீர் வசதி இல்லாத பெண்கள் உடம்பு தேய்த்துக் குளித்து, பெண் பார்த்து, வம்பு பேசி, அழுது முடித்து வீடு திரும்பும் இடம். மாணவி தங்கியிருக்கும் வீட்டு மாடியில் சிறிய நீச்சல் தொட்டி ஒன்று இருக்கிறது. அதை அவளாகவே என்னிடம் சொன்னாள், நான் கேட்காமல்.

இதையெல்லாம் அவளுக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு நீளமாகப் பேசினாள். "நான் வரலேன்னா அந்தப் பொண்ணுங்களுக்கு விசா கெடச்சிருமாம்மா? நான் தஞ்சாவூர்லயே இருந்திருந்தா இந்நேரம் என்னவாயிருப்பேன்னு உங்களுக்குத் தெரியும்ல?" தெரியும். அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையையும் எனக்குத் தெரியும். பத்து வருடம் இரண்டாமாண்டு மாணவிகளுக்குப் பாலையைப் பாடம் எடுத்த நான் ஒரு சுரத்தையும் தனியாகக் கடந்ததில்லை. கருத்தரங்குக்கு வெளியூர் போவதென்றாலும் வீட்டில் மூன்று நாளுக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறேன். இதை அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

மெர்னிஸ்ஸியின் நூலில் அவர் அம்மாவுக்கு ஓர் ஆசை வரும். விடியற்காலையில் எழுந்து, ஆளில்லாத தெருவில் தனியாக நடந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லி, நீ காலையில் நடக்கப் போவாயா என்று கேட்டேன். வெயில் ஏறும் முன், ஆறு மணிக்குப் போவாளாம். கடைகள் திறந்திருக்காது, பூனைகளும் ரொட்டி மணமும்தான். ஆனால் தெரு காலியாக இருப்பதில்லை. மதில் வாசலுக்கு வெளியே ஓரிடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் துணிப்பையோடு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். 'மூகஃப்' என்பார்கள் அந்த இடத்தை. வீடு கழுவவோ கம்பளம் துவைக்கவோ யாராவது அன்றைய கூலிக்கு அழைத்துப்போக வருவார்கள் என்று காத்திருப்பவர்கள். முதல் வாரத்தில் ஒரு நாள் இவள் நின்று பார்த்தபோது அவர்களில் மூன்று நான்கு பேர் சட்டென்று எழுந்து அருகில் வந்தார்களாம். அவர்கள் பேசிய அரபு இவளுக்குப் புரியவில்லை. துடைப்பது போலக் கையை அசைத்துக் காட்டினார்கள். வேலை இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

"இல்லைன்னு தலையாட்டிட்டு வந்துட்டேம்மா" என்றாள். "இப்ப வேற தெரு வழியா நடக்கிறேன்."