ஜோதியில் எழுதிய கணக்கு

2025-ல் ஒரு ரீல்ஸ் கூமாப்பட்டியை உலகத்துக்கே தெரிய வைத்ததே, ஞாபகம் இருக்கா? அதை நம்பிக் கிளம்புகிறவர்கள் அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாண்டி சங்கரன்கோவில் வரை போய் வாருங்கள். அங்கே கேட்க ஒரு கதை இருக்கிறது.

நெற்கட்டும்செவல் பூலித்தேவரைக் கும்பெனிப் படை பிடித்துக்கொண்டு போகிறது. 'அம்மனைக் கும்பிட்டுட்டு வர்றேன்' என்று சங்கரநாராயணர் கோயிலுக்குள் போகிறார். விலங்கு தெறிக்கிறது. புகை, ஜோதி... ஆளைக் காணோம்! சிப்பாய்கள் வாசலில் தேவுடு காக்கிறார்கள். அவர் மறைந்த இடத்தை இன்றைக்கும் கோயிலில் காட்டுகிறார்கள்.

கதையாகப் பார்த்தால் முதல் தரம். கட்டபொம்மனுக்கு 1799-ல் கயத்தாற்றில் தூக்குக்கயிறு. இவரையும் அப்படி அனுப்ப ஜனங்களுக்கு மனசு வரவில்லை. அந்தப் பிரியம் புரிகிறது.

ஆனால், நான் பி.காம். கணக்கு இடித்தால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். இந்த ஜோதியும் அதுதான். 1759-ல் யூசுப்கான் மோதிப் பார்த்துப் பிடிக்க முடியாமல் திரும்பிய மண்கோட்டை, வாசுதேவநல்லூர். 1767-ல் கர்னல் கேம்பெலிடம் விழுந்தது. உள்ளே நின்று செத்தவர்கள் எத்தனை பேரோ! ஜோதி வந்ததும் அவர்கள் அத்தனை பேரும் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள்.

இன்னொரு கோயில் கதை சொல்கிறேன். 1755-ல் கர்னல் ஹெரான் மதுரை பக்கம் கோயில்குடியில் புகுந்து சாமி சிலைகளை அள்ளினார். பணம் கொடுத்தால் தருவதாகப் பேரம் வேறு! பிறகு தெற்கே வந்து பூலித்தேவரிடம் கப்பம் கேட்டு, வெறுங்கையோடு திரும்பினார். போகிற வழியில், மே மாதக் கடைசியில், நத்தம் கணவாயில் கள்ளர்கள் மடக்கினார்கள். சிலைகளை மீட்டார்கள். ஹெரானைக் கும்பெனியே விசாரித்து வேலையை விட்டுத் துரத்தியது.

இதில் புகை இல்லை, ஜோதி இல்லை. சாமி மனுஷனைக் காப்பாற்றவில்லை. மனுஷன் சாமியைக் காப்பாற்றினான். ஆனாலும் இதைப் பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

ஜோதிக் கதையை விட்டுவிடச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 'அப்புறம்?' என்று கேட்பார்கள். அப்போது நத்தம் கணவாயையும் சொல்லுங்கள்.