முகிலைச் சொல்லும் பிட்

கொழும்பின் வெப்பத்தையோ பசுமையையோ செய்மதிப் படங்களைக் கொண்டு அளக்கப் புறப்படுகிறவருக்கு முதல் தடை முகில்தான். ஜிந்துப்பிட்டியும் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் அடங்கும் லேன்ட்சாட் படத்தின் இலக்கம் பாதை 141, வரிசை 55. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் படம் முழுத் தெளிவாகக் கிடைப்பது அரிது. கெட்ட பிக்சல்களைக் கழித்துவிட்டு நல்லவற்றை மட்டும் எடுத்தாக வேண்டும். அதற்குப் பிட்வைஸ் செயலிகளே முறையான கருவி.

படத்தோடு ஒரு தர அடுக்கும் வருகிறது. அதில் 30 மீற்றர்ப் பிக்சல் ஒவ்வொன்றுக்கும் 16 பிட் கொண்ட ஒரே எண். பூச்சியத்திலிருந்து எண்ணினால் 3ஆம் பிட் முகில், 4 முகில் நிழல், 5 பனி, 7 நீர். தெளிந்த நிலத்துக்கு வழமையாக வரும் மதிப்பு 21824. உறுதியான முகிலுக்கு 22280. இவற்றை 8 என்ற எண்ணோடு பிட்வைஸ் ஆண்ட் செய்தால் முதலாவது 0 தரும், இரண்டாவது 8 தரும். முகில், அதன் ஓரம், நிழல் மூன்றையும் ஒன்றாகச் சோதிக்க 26 என்ற ஒரே எண் போதும். தனித்தனி அடுக்குகளில் வைக்க வேண்டிய தகவல் முழுவதும் இரண்டு பைட்டில் அடங்கிவிடுகிறது. சிறிய கணினியில் பல வருடப் படங்களை அலசுகிற மாணவருக்கு இது பெரிய உதவி.

ஆனால் பிட்டின் பொருள் எண்ணுக்குள் இல்லை, வேறொரு கையேட்டில் இருக்கிறது. லேன்ட்சாட்டின் முதல் தொகுப்பில் முகிலுக்கு 4ஆம் பிட். 2020 டிசம்பரில் வெளியான இரண்டாம் தொகுப்பில் அதே இடம் நிழலுக்குப் போய்விட்டது. பழைய நிரலை அப்படியே ஓட்டினால் நிழல் கழியும், முகில் தங்கும். சென்டினல்-2 செய்மதிப் படங்களின் பழைய முகில் பிட்டுகள் 2022 தொடக்கத்தில் நிரப்பப்படாமல் போயின. அவற்றை நம்பிய நிரல்களுக்கு முகில் மூடிய படமும் தெளிந்த படமாகவே தெரிந்தது.

மென்பொருளும் இடறவைக்கும். கிராஸ், ஆர்க்ஜிஐஎஸ், ஏர்த் எஞ்சின் ஆகியவற்றில் உண்மையான பிட் செயலிகள் உண்டு. கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கணிப்பானில் உள்ள ஆண்ட் தர்க்கச் செயலி. இரு பக்கமும் பூச்சியம் அல்லாதிருந்தால் 1 தரும். 21824உம் 8உம் அங்கே 1 ஆகிவிடும். தெளிந்த வானம் முழுவதும் முகிலாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாற்று வழி உண்டு: 8ஆல் வகுத்துப் பின்னத்தை நீக்கி, மீதி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்க்கலாம். 2728 இரட்டை, தெளிவு. 2785 ஒற்றை, முகில்.

மிக மோசமான தவறு வேறிடத்தில் நடக்கிறது. வேறு அளவுக்கோ வேறு வரைபடத் திட்டத்துக்கோ படத்தை மாற்றும்போது அண்டைப் பிக்சல்களைச் சராசரியாக்கும் முறையைச் சிலர் தெரிவுசெய்கிறார்கள். ஒளிப் பட்டைகளுக்கு அது சரி. தர அடுக்குக்குச் செய்தால், தெளிந்த 21824க்கும் முகிலான 22280க்கும் நடுவே 22052 வரும். அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 5ஆம் பிட் விழித்திருக்கிறது, 3ஆம் பிட் உறங்குகிறது. அதாவது முகில் இல்லை, கொழும்பு 13இல் பனி! பனி என்பதால் இதையாவது கண்டுபிடித்துவிடலாம். நிழலோ நீரோ வந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் எழாது. தர அடுக்கை மிக அண்மைய பிக்சல் முறையில் மட்டுமே மாற்ற வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், பிட் சொல்வது ஒரு நிரலின் கணிப்பைத்தான். வெளிச்சமான கட்டடக் கூரையையும் கடற்கரை மணலையும் அது முகிலாகக் கருதக்கூடும் என்று படங்களை வெளியிடும் அமெரிக்கப் புவியியல் அளவாய்வகமே எச்சரிக்கிறது. ஜிந்துப்பிட்டியில் 30 மீற்றர்ச் சதுரமொன்றுக்குள் ஓர் ஒழுங்கையும் அதன் இருபுற வீடுகளும் சேர்ந்துவிடும். அங்கே வெயிலில் மின்னும் புதுத் தகரக் கூரைகள் முகிலென்று கழிக்கப்பட்டால், அந்தக் குடும்பங்கள் வெப்ப வரைபடத்திலிருந்தே விலக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட வரைபடத்தை நம்பி மரம் நடுவதற்கோ கூரை மாற்றுவதற்கோ இடம் தெரிவுசெய்வது அநியாயம்.

இதற்காகப் பிட் முறையைக் கைவிடச் சொல்லவில்லை. அது சிக்கனமான வழி. வரைபடம் வெளியிடுகிறவர்கள் எந்தத் தொகுப்பு, எந்தப் பிட்டுகள், எத்தனை பிக்சல்கள் கழிந்தன என்பதை வரைபடத்தின் ஓரத்திலேயே அச்சிடட்டும். கணக்குத் தொடங்குமுன், கழிந்த பிக்சல்களை மூலப் படத்தின் மேல் வைத்து, ஊரை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.